ஒற்றைக் காது பாதிரியாரைக் காணோம்

அத்தியாயம் நான்கு

"யாரும் அசையக் கூடாது!" என்று மொயென்ஸ் கத்தியபோது என் வாய் நிறைய கேக் இருந்தது. அசையாமல் எப்படி விழுங்குவது என்று தெரியாமல் விழித்தேன். முழிக்கிற முழியைப் பார்த்தே ஆளைப் பிடித்து உள்ளே போடுவதாக இருந்தால், அன்றைக்கு முதலில் உள்ளே போயிருப்பவன் நான்தான்.

கூரை இல்லாத அந்தத் தேவாலயத்தின் கிழக்குச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே ஒரு கல்மாடம் இருக்கிறது. கொஞ்ச நேரம் முன்புவரை அதில் ஒற்றைக் காது பாதிரியார் நின்றிருந்தார். விரல் உயரம், வால்ரஸ் என்னும் கடல் விலங்கின் தந்தத்தில் செதுக்கியது. கடல் கடந்து வந்து இந்தச் சுவர்களைக் கட்டிய நார்ஸ்காரர்கள் காலத்து ஆள்; அவர்கள் மொயென்ஸின் முன்னோர்கள். அறுபது வருஷத்துக்கு முன் எதிர்க்கரைப் பண்ணையில் ஒத்தோராக் என்பவர் நிலத்தை உழுதபோது பாதிரியார் கலப்பையில் சிக்கினார். ஒரு காது போனது அப்போதுதான். உடனே கடல் கடந்த ஓர் அருங்காட்சியகம் வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டது. நேற்றைக்குத்தான் ஊர் திரும்பியிருந்தார். இன்றைக்குக் காணோம்.

என் முதலாளி தபீத்தா மட்டும் அசைந்தார். நேரே போய் மாடத்துக்குள் கையை விட்டுத் துழாவினார். வெறும் கல். கையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்பா, மென்னு முடிங்க. வேலை இருக்கு."

தபீத்தாவுக்கு நாற்பத்தேழு வயது. எனக்கு இருபத்தொன்பது. ஆனாலும் நான்தான் அவருக்கு அப்பா. அவருடைய அப்பா எனோக் கடலில் மூழ்கி இறந்த அதே வாரத்தில் நான் பிறந்தேன். எனக்கு எனோக் என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் வந்தால் ஆளும் கூடவே வந்துவிடுவான் என்பது எங்கள் கிரீன்லாந்தில் வழக்கம். அதனால் தபீத்தா என்னை வேலையை விட்டு நிறுத்த முடியாது. பெற்ற அப்பாவை யார் நிறுத்துவார்கள்? எங்கள் ஊரில் மூவாயிரம் பேர்; ரகசியம் மூன்று இருந்தால் அதிகம். அந்த மூன்றும் மீன் கடையில் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர், சம்பளம் சரியாக வராத ஓர் உதவியாளனை வைத்துக்கொள்ள இந்த ஒரு வழிதான் உண்டு.

"மகளே, நான் எடுக்கல" என்றேன் விழுங்கிவிட்டு.

"தெரியும். உங்க ரெண்டு கையிலயும் கேக் தட்டு இருந்துது. பனிமலை புரண்டப்பவும் அதை நீங்க விடல."

அதைச் சொல்ல வேண்டும். எல்லாம் கடலில் மிதந்த அந்தப் பனிமலையால் வந்தது.

வழிகாட்டி பொலேத்தே வருஷா வருஷம் வெளிநாட்டுக்காரர்களைப் படகில் ஏற்றி இந்த இடிபாட்டுக்குக் கூட்டி வருகிறவள். பாதிரியாரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு வருஷமாக அருங்காட்சியகத்தோடு மல்லுக்கட்டியவளும் அவள்தான். அவர்கள் கடைசியில் இறங்கி வந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. பாதிரியார் கோடைக்கு வந்து பத்திரமாகத் திரும்பினால், இங்கிருந்து போன மற்ற பொருள்களையும் இரண்டு பெட்டியில் அனுப்புவார்கள். ஒரு கீறல் விழுந்தாலும் பெட்டி கிடையாது. முடிவு சொல்ல வேண்டிய ஆள், அருங்காட்சியகத்திலிருந்து கூடவே வந்திருக்கும் மொயென்ஸ். காவலுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று அவர் கேட்டதால் பொலேத்தே எங்களை அமர்த்தினாள். தபீத்தா காவலுக்கு வந்தார். நான் கேக்குக்கு வந்தேன்.

படகில் வந்தவர்கள் அதிகம் இல்லை. படகோட்டி ஹன்சேராக், பொலேத்தே, மொயென்ஸ், நாங்கள் இருவர், கேமராவும் கழுத்துமாக ஒரு ஜெர்மன் தம்பதி, பிறகு சிவப்புத் தொப்பி போட்ட ஓர் ஆள். பேர் ஆன்டர்ஸ், ஆஸ்லோவில் பள்ளி ஆசிரியராம், இந்தப் பக்கம் முதல் தடவையாம். மொயென்ஸ் எல்லோருக்கும் சட்டம் சொன்னார். பாதிரியாரை வெறும் கையால் யாரும் தொடக் கூடாது. மாடத்தில் வைக்கப் போகும் பொலேத்தேவுக்கு மட்டும் வெள்ளைக் கையுறை. அவள் ஞாயிற்றுக்கிழமை உடையில், கையுறை போட்ட கையில் பாதிரியாரை ஏந்தி, உதட்டுக்குள் ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே மேட்டில் ஏறி அவரை மாடத்தில் வைத்தாள். ஆட்டு மந்தை ஒன்று மட்டும் மரியாதையில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது.

எல்லோரும் போட்டோ எடுத்து முடித்ததும் கீழே கரையோரப் புல்லில் காபி. அப்போதுதான் ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு நுழைந்த கடலின், நடுவில் பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வீடு மாதிரி நின்ற பனிமலை ஒன்று தலைகீழாகப் புரண்டது.

ஜெர்மன் தம்பதி கேமராவைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். பொலேத்தே அவர்களைப் பிடித்து இழுக்க ஓடினாள். ஹன்சேராக் கயிற்றை அவிழ்த்துப் படகை ஆழத்துக்குக் கொண்டுபோனார். நானும் தபீத்தாவும் திரும்பிப் பார்க்காமல் மேட்டைப் பார்த்து ஓடினோம். மொயென்ஸ் கொஞ்ச நேரம் மரம் மாதிரி நின்றுவிட்டு, தன் பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார். அலை ஏறி வந்து மூன்று மடக்கு நாற்காலிகளையும் மொயென்ஸின் தொப்பியையும் எடுத்துக்கொண்டு போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே தேவாலயத்துக்குள் வந்தோம். மாடம் காலி.

இப்போது எல்லோரும் தேடினோம். பொலேத்தே ஞாயிற்றுக்கிழமை உடையோடு மண்டி போட்டு, ஆட்டுப் புழுக்கைக்கு நடுவே புல்லைக் கோதிக் கோதிப் பார்த்தாள். ஜெர்மன்காரர் குப்புறப் படுத்துக் கல்லிடுக்கில் டார்ச் அடித்தார். நான்கூட தட்டைக் கீழே வைத்தேன்.

மொயென்ஸ் நடுவில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். "நான் அப்பவே சொன்னேன். கேட்டாங்களா? ஒரே ஒரு நாள். ஒரு நாள்கூடப் பத்திரமா வெச்சிருக்க முடியலையே உங்களால! ரெண்டு பெட்டியா வேணும் உங்களுக்கு? இனி ஒரு ஊசி வராது."

பொலேத்தே நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "சார், கொஞ்சம் பொறுங்க. கண்டுபிடிச்சிருவோம்."

"எதுக்குப் பொறுக்கணும்? படகுக்காரரே, ரேடியோவுல போலீஸைக் கூப்பிடுங்க."

கரைக்குத் திரும்பியிருந்த ஹன்சேராக் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "கூப்பிடலாம். ஆனா போலீஸ்காரர் துறைமுகத்துல பாட்டுக் குழுவோட நிக்கிறாரு. அவருதான் கட்டைக் குரல்."

அது உண்மை. துறைமுகத்தில் பாதி ஊர், மணி கோத்த திருவிழா உடை போட்டுக்கொண்டு, பழைய கோயிலுக்குப் போய்த் திரும்பும் பாதிரியாரை வரவேற்கக் காத்திருந்தது. மண்டபத்தில் மேஜை முழுக்க கேக். இந்தச் செய்தியோடு பொலேத்தே எப்படிக் கரையேறுவாள்?

தபீத்தா மொயென்ஸின் முன்னால் போய் நின்றார். "சார், அலை வந்து காபியைக் கொட்டிடுச்சு. மறுபடி கெட்டில் வெக்கப் போறேன். அது கொதிக்கிற வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள பாதிரியார் வரலைன்னா நீங்க யாரை வேணா கூப்பிடுங்க."

"கெட்டில் கொதிக்கிற வரைக்குமா? இது என்ன விளையாட்டு?"

"எங்க ஊர்ல காபி இல்லாம யாரும் யாரையும் கைது பண்ண மாட்டாங்க" என்றேன்.

மொயென்ஸ் தோளைக் குலுக்கினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் தபீத்தா என்னைச் சுவரோரம் இழுத்தார்.

"அப்பா, நாம மேட்டுல ஏறினப்போ நமக்கு முன்னாடி யாரு இருந்தா?"

யோசித்தேன். "சிவப்புத் தொப்பி. ஆஸ்லோ வாத்தியாரு. என்னை விட வேகம். ஆனா அவர் கையில கேக் இல்ல, அதையும் கணக்குல எடுக்கணும்."

"சத்தம் கேட்டதும் அந்த ஜெர்மன்காரங்க எந்தப் பக்கம் ஓடினாங்க?"

"தண்ணிப் பக்கம். வெளியூர்க்காரங்க எல்லாம் அப்படித்தானே ஓடுவாங்க? பனிமலை புரண்டா அவங்களுக்கு வேடிக்கை. நமக்கு அலை."

தபீத்தா விரலைச் சொடுக்கினார். சொன்னதை நானே இன்னொரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிறகு என் வாய் தானாகத் திறந்தது.

"முதல் தடவை வந்த ஆளு..."

"திரும்பிக்கூடப் பாக்காம மேட்டைப் பாத்து ஓடினாரு. சத்தம் வந்தவுடனே. அலை இன்னும் கிளம்பவே இல்ல. முதல் தடவை வந்தவன் எப்படியும் ஒரு தடவை திரும்பிப் பாத்திருப்பான், அப்பா."

"புத்திசாலியா இருக்கலாமே? வாத்தியார்தானே?"

"வாத்தியார்னா புத்திசாலின்னு உங்களுக்கு யார் சொன்னா? வாங்க, கேட்டுப் பாத்துருவோம்."

ஆன்டர்ஸ் வெளியே ஒரு பெரிய கல்லில் உட்கார்ந்து எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள். தபீத்தா நேராக அவரிடம் போகவில்லை. ஜன்னல் வழியாக, என்னிடம் பேசுவது போல் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கள் மொழியில், சாதாரணக் குரலில் கேட்டார்:

"காபிக்குச் சர்க்கரை போடவா, தம்பி?"

ஆன்டர்ஸ் எதிர்க்கரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மூக்கைச் சுருக்கினார்.

"ஆட்டுப் புழுக்கை நாத்தம்" என்று கிசுகிசுத்தேன். "எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"கேக்கு ஒரு துண்டு?" என்றார் தபீத்தா.

ஆன்டர்ஸின் இரண்டு புருவமும் மேலே ஏறி இறங்கின.

நாற்றத்துக்குப் புருவம் ஏறாது. எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்குப் புருவம், இல்லை என்பதற்கு மூக்கு. வாய் சாப்பிட மட்டும். தாய்ப்பாலோடு வந்தால்தான் அது தானாக நடக்கும். பிறகு எத்தனை வருஷம் ஆஸ்லோவில் பாடம் நடத்தினாலும் முகம் மறப்பதில்லை. அந்த மனுஷனுக்குத் தான் பதில் சொன்னதே தெரியவில்லை. நான் ஒரு துண்டு கேக்கைக் கொண்டுபோய் நீட்டினேன். நன்றி சொல்லி வாங்கிக் கடித்தார். பாதி மென்றபோதுதான் தாடை நின்றது.

"பேரென்ன, தம்பி?" என்றார் தபீத்தா, எங்கள் மொழியிலேயே, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

"ஆன்டர்ஸ்."

"அது டிக்கெட்டுல இருக்கிற பேரு."

அவர் கேக்கைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கடைசியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "ஒத்தோராக்."

எதிர்க்கரையில் உழுதவரின் பேர். பேரன்தான். ஒன்பது வயதில் அம்மாவோடு நார்வே போனவர். அதற்கப்புறம் எங்கள் மொழியைப் பேச ஆளில்லை. அதனால் முப்பத்தைந்து வயது மீசைக்குள்ளிருந்து ஒன்பது வயதுப் பையன் பேச்சுதான் வந்தது. கேட்கச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நான் திருடல" என்றார். "அதை நான்தானே தோண்டி எடுத்தேன்? நான் தோண்டினதை நான் ஒரு தடவை கையில வெச்சுப் பாக்கக் கூடாதா?"

இதை மொயென்ஸ் கேட்டிருந்தால் முப்பத்தைந்து வயதுக்காரன் அறுபது வருஷத்துக்கு முன் எப்படி உழுதான் என்று கணக்குப் போட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். பேரோடு தாத்தாவும் வந்துவிட்டார் என்று தபீத்தா மரியாதையாகத் தலையசைத்தார். குரலும் மாறியது.

"ஆமாங்க. நீங்கதான் எடுத்தீங்க."

"காதை உடைச்சதும் நீங்கதான்" என்று ஞாபகப்படுத்தினேன். "அதையும் சேத்து ஒத்துக்கணும்."

அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "எங்க வீட்டுலேருந்து அந்த மொயென்ஸுக்கு மூணு தடவை எழுதினோம். ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்னு. குடும்பத்து ஆளுங்க வந்தா உரிமை கேப்பீங்க, வராதீங்கன்னுட்டாரு. அதான் யாரோ மாதிரி வந்தேன். பனிமலை புரண்டதும் மேல ஓடி வந்தேன். உள்ள யாருமே இல்ல. எடுத்துட்டேன். திருப்பி வெச்சிருப்பேன். சத்தியமா வெச்சிருப்பேன்."

"ஏன் வெக்கல?"

கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து விரித்தார். ஒற்றைக் காது பாதிரியார் சாதுவாக உள்ளங்கையில் படுத்திருந்தார்.

"வேற மாதிரி இருக்கு" என்றார் ஒத்தோராக். "சூடா இருக்கு."

தபீத்தா பாதிரியாரை வாங்கித் தன் முன்பல்லில் வைத்துப் பார்த்தார். புருவத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் கொடுத்தார். நானும் வைத்தேன். எங்கள் வீடுகளில் தந்தப் பொம்மை கடித்துத்தான் குழந்தைக்குப் பல் முளைக்கும். தந்தம் என்றால் பல்லில் சில்லென்று ஏறும். எவ்வளவு நேரம் பையில் கிடந்தாலும் உள்ளே ஒரு குளிர் இருக்கும். இது ரப்பர் செருப்பைக் கடித்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

"பிளாஸ்டிக்" என்றேன். "மகளே, பொலேத்தே ஜெபம் பண்ணிக்கிட்டே தூக்கிட்டு வந்தது ஒரு பிளாஸ்டிக் துண்டை."

ஒத்தோராக் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை நான் சொன்னா யார் நம்புவா? நானே மாத்திட்டேன்னு சொல்லமாட்டாங்களா?"

அதுவும் சரிதான். கையும் களவுமாக ஆளைப் பிடித்துவிட்டோம். ஆனால் பிடித்த களவு போலி. கீழே கெட்டில் முனக ஆரம்பித்திருந்தது.

"அசல் அவங்க ஊர்லயே கண்ணாடிப் பெட்டியில சொகமாத் தூங்கும்" என்றேன். "நம்மள நல்லா ஏமாத்திட்டாங்க."

"இல்லப்பா. நேத்து மண்டபத்துல போதகர் என்ன பண்ணாரு?"

"பாதிரியாரைத் தூக்கி முத்தம் குடுத்தாரு. ஊரே பாத்துது. 'ஐயோ, சில்லுனு இருக்காரே'ன்னு சொன்னாரு."

"வெறும் கையாலதானே தூக்கினாரு? அப்போ நேத்து வந்தது அசல். கையுறைச் சட்டம் இன்னிக்குக் காலையிலதான் வந்துது. ராத்திரி மாத்தியாச்சு. மாத்தின அசலை மொயென்ஸ் எங்க வெப்பாரு?"

"ஹோட்டல்ல... வெக்க மாட்டாரு." எங்கள் ஹோட்டலில் எந்தச் சாவியும் எந்தக் கதவையும் திறக்கும். மொயென்ஸ் அதைப் பற்றி வரவேற்பறையில் போட்ட சத்தம் மீன் கடைவரை வந்திருந்தது.

தபீத்தா எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். அவர் கண்ணில் குறும்பு ஏறிவிட்டது. அந்தக் கண்ணைப் பார்த்தால் எனக்குக் குஷி. "அப்பா, பொருளைப் பறிகொடுத்தவன் என்ன பண்ணுவான்?"

"அழுவான். கத்துவான்."

"குனிவான். பொலேத்தே குனிஞ்சா. அந்த ஜெர்மன்காரர் படுத்தே தேடினாரு, அவருக்கென்ன வந்துது? நம்ம சார் ஒரு தடவையாவது குனிஞ்சாரா? அலை வந்தப்போ மாடத்தைப் பாத்து ஓடினாரா?"

"இல்ல. பிளாஸ்க்கை..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினேன்.

"கெட்டில் கொதிச்சிருச்சு. வாங்க, காபி குடிக்கலாம்."

எல்லோரும் வட்டமாகப் புல்லில் உட்கார்ந்தோம். பொலேத்தே யாரையும் பார்க்காமல் கோப்பைகளை நிரப்பினாள். மொயென்ஸ் தன் கோப்பையை நீட்டினார். பிளாஸ்க் மடியில் இருந்தது.

"டைம் முடிஞ்சுது" என்றார். "பாதிரியார் எங்கே?"

"கிடைச்சுட்டாரு" என்றார் தபீத்தா.

பொலேத்தேவின் கையிலிருந்த கெட்டில் சாய்ந்து என் முழங்காலில் கொஞ்சம் ஊற்றியது. நான் துள்ளியதை யாரும் கவனிக்கவில்லை. தபீத்தா பாதிரியாரைப் புல்லின் நடுவில் நிற்க வைத்தார். ஜெர்மன் அம்மாள் கை தட்டினார். மொயென்ஸ் மட்டும் சந்தோஷப்படவில்லை. கையை நீட்டிப் பாய்ந்து வந்தார்.

"வெறும் கையால தொட்டிருக்கீங்க! குடுங்க அதை!"

"தரோம் சார். முதல்ல காபி. ஒரு சின்னச் சந்தேகம்: நீங்க காலையிலேருந்து பொலேத்தே ஊத்தின காபியையே குடிக்கிறீங்க. இது உங்களுக்கு நாலாவது கப்பு. உங்க பிளாஸ்க்ல என்ன இருக்கு?"

"காபிதான்."

"அப்போ ஊத்துங்க. பிளாஸ்க் வெச்சிருக்கிறவங்கதான் மத்தவங்களுக்கு ஊத்தணும், அதுதான் எங்க ஊர் மரியாதை. என் கப்பு காலியா இருக்கு."

"என்னுதும்" என்றேன்.

ஹன்சேராக் தன் கோப்பையை நீட்டினார். ஜெர்மன் தம்பதி, விஷயம் புரியாவிட்டாலும் வழக்கத்தை மதிப்பவர்கள், தங்கள் கோப்பைகளையும் நீட்டினார்கள். கடைசியாக ஒத்தோராக் நீட்டினார். அத்தனை காலிக் கோப்பைக்கு நடுவில் மொயென்ஸ் பிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆறிப்போச்சு" என்றார்.

"ஆறினதுதான் எங்களுக்கு வேணும்" என்றார் தபீத்தா. "சில்லுனு இருக்கணும்."

மொயென்ஸின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிவரை போனது. பொலேத்தே கெட்டிலைக் கீழே வைத்தாள். புல்லில் நின்ற பாதிரியாரை எடுத்தாள், பல்லில் வைத்தாள். எழுந்து போய் மொயென்ஸ் மடியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. மூடியைத் திருகிக் கவிழ்த்தாள். ஒரு கம்பளிக் காலுறை விழுந்தது. காலுறைக்குள்ளிருந்து அசல் ஒற்றைக் காது பாதிரியார் அவள் உள்ளங்கைக்கு வழுக்கிக்கொண்டு வந்தார். அவள் அவரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்தேன். கேக் தூள் மேல் பழியைப் போட்டேன்.

"பாதுகாப்புக்குத்தான் செஞ்சேன்" என்றார் மொயென்ஸ். "உங்க படகு, உங்க ஆடு, உங்க காத்து! அலை வந்துச்சே, பாத்தீங்கதானே?"

"காலுறைக்குள்ள வெச்சதைக்கூட மன்னிச்சிடலாம் சார்" என்றார் தபீத்தா. "ஆனா போலி தொலைஞ்சப்போ நீங்க சொல்லியிருக்கணும், அது போலி, கவலைப்படாதேன்னு. இவ புழுக்கையில மண்டி போட்டுத் தேடினா. நீங்க நின்னு பாத்துக்கிட்டு, ரெண்டு பெட்டியும் கிடையாதுன்னீங்க. தொலைஞ்சது உங்களுக்கு வசதியாப் போச்சு."

மொயென்ஸ் ஒத்தோராக்கைச் சுட்டினார். "எடுத்தது அவன்தானே? திருடனை விட்டுட்டு என்னைக் கேக்குறீங்க?"

"அவர் எடுத்தது ஒரு பிளாஸ்டிக் பொம்மை" என்றேன். "அதையும் திருப்பிக் குடுத்துட்டாரு. வேணும்னா போலீஸைக் கூப்பிடுங்க. பாட்டு முடிஞ்சதும் வருவாரு. பொம்மை திருட்டுன்னா ஓடியே வருவாரு."

ஹன்சேராக் கோப்பைக்குள் சிரித்தார்.

தபீத்தா மொயென்ஸின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "துறைமுகத்துல ஊரே காத்துக்கிட்டிருக்கு. சொல்றதுக்கு ரெண்டு கதை இருக்கு. ஒண்ணு, இப்ப நடந்தது அப்படியே. அதைச் சொல்ல எங்க அப்பா இருக்காரு, கைகால் ஆட்டி நடிச்சே காட்டுவாரு. இன்னொண்ணு, பாதிரியார் இனி இங்கயே இருக்கட்டும், ரெண்டு பெட்டியும் வரட்டும்னு நீங்களே முடிவு பண்ணி, அந்தச் சந்தோஷத்தை நீங்களே சொல்றது. ரெண்டுல எது உங்களுக்குப் பிடிக்குது?"

"மிரட்டுறீங்களா?"

"கேக் குடுத்துக் கேக்குறோம்" என்று தட்டை நீட்டினேன். ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். அதை நீட்டியது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம்.

மொயென்ஸ் அதைத் தொடவில்லை. ஆனால் அவர் கோபம் இறங்கிவிட்டது. அடியில் நிஜமான ஒரு பயம் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவருக்கும் அந்தப் பாதிரியார் மேல் பாசம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவர் எத்தனை வருஷம் நின்றிருப்பாரோ.

"நீங்க எல்லாரும் நல்லவங்கதான்" என்றார் மெதுவாக. "ஆனா நாளைக்கு? உங்களுக்கப்புறம்? பத்திரமா வெச்சிருப்பீங்கன்னு நான் எதை வெச்சு நம்புறது?"

பொலேத்தே பாதிரியாரை ஒத்தோராக்கின் வெறும் கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தேவாலயத்தின் பக்கம் கையைக் காட்டினாள். கூரைதான் இல்லை. நாலு சுவரும் ஆள் உயரத்துக்கு மேல் ஓங்கி நின்றன. ஜன்னல் வளைவில் ஒரு கல்கூட நகரவில்லை.

"அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஆளுங்க இந்தக் கோயிலையே எங்ககிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க, சார். பாத்துக்கங்கன்னுகூட ஒரு வார்த்தை சொல்லல. அதோ நிக்குது."

மொயென்ஸ் அந்தச் சுவரை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, துறைமுகத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பொலேத்தேவிடம் கேட்டார்.